வெண்டெலின் காலடிக் காளான்கள்

1979ஆம் வருஷம் ஜூலை பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, யரோமீரைப் புதைத்த அன்றைக்கு, ஹர்வாலோவ் ஊரில் சலூன் வைத்திருந்த வெண்டெலின் கால் வைத்த இடத்திலெல்லாம் காளான் முளைக்க ஆரம்பித்தது. சும்மா நாய்க்குடை இல்லை. விடியுமுன் காட்டுக்குப் போய்த் தேடினாலும் எளிதில் அகப்படாத ஹ்ரிப் காளான்; சுட்ட ரொட்டியின் மேல்தோல் நிறத்தில் தொப்பியும், பருத்த வெள்ளைத் தண்டும் உள்ள அசல் ஹ்ரிப். கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்து குழி வரைக்கும் சரளைக்கல் பாதையில் அவன் நடந்து வந்த வரிசையிலேயே, இடது வலது என்று மாறி மாறி, இருபத்தாறு முளைத்தன. காளான் சங்கத் தலைவர் கமில் அப்போது அஞ்சலி உரை வாசித்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர், எதையும் சரிபார்க்காமல் நம்பாதவர். உரையை நடுவில் நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து, காலடியில் இருந்த ஒன்றை வெட்டி நெடுக்காகப் பிளந்து பார்த்தார். "புழு இல்ல," என்றார். அந்த உரையில் ஊருக்கு இன்றைக்கும் ஞாபகம் இருப்பது அந்த இரண்டு சொல்தான். யரோமீரின் மனைவி ஹெட்விகா பித்தளை வாத்தியக்காரர்கள் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்து, கறுப்புத் தலைத்துணியை அவிழ்த்து விரித்து, இருபத்தாறையும் பறித்துக் கட்டிக்கொண்டாள். காளானை விட்டுவிட்டுப் போனால் அவனுக்குப் பிடிக்காது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள்.

வெண்டெலினுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா விட்டுப்போனது மூன்றுதான்: சலூன், சவரக்கத்தி தீட்டும் தோல்வார், ஓநாய்ப் பள்ளம் என்கிற காட்டில் யாருக்கும் தெரியாத ஒரு காளான் இடம். எங்கள் பக்கத்தில் ஒருவன் தன் சம்பளத்தைச் சொல்லுவான், நோயைச் சொல்லுவான், பெண்டாட்டியோடு போட்ட சண்டையைக்கூடச் சொல்லுவான். காளான் இடத்தை மட்டும் சொல்ல மாட்டான். வெண்டெலினின் அப்பா சாகும்போது ஆஸ்பத்திரியில் நர்ஸை வெளியே அனுப்பிவிட்டுத்தான் மகன் காதில் அந்த இடத்தைச் சொன்னார். யரோமீர் வெண்டெலினோடு ஒரே பெஞ்சில் படித்தவன், பால் வண்டி ஓட்டுகிறவன், பெரிய உடம்பு, பெரிய குரல். அவன் ஒருத்தன்தான் அந்த இடத்தைப் பற்றி வாய்விட்டுக் கேட்பான். தாடைக்கு சோப்பு நுரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தபடியே கேட்பான்: "டேய், எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுடா. கிழக்கா, மேற்கா? தொண்டைல கத்திய வெச்சிருக்கியேன்னு பாக்குறேன், இல்லாட்டி அடிச்சே வாங்கிருவேன்." வெண்டெலின் சிரித்துக்கொண்டே கத்தியை ஓட்டுவான். சொல்ல மாட்டான்.

சங்கத்தில் முப்பத்துநான்கு பேர். ஒவ்வொரு ஜூலையும் இரண்டாவது சனிக்கிழமை பஸ் எடுத்துக்கொண்டு ஓநாய்ப் பள்ளத்துக்குப் போவார்கள். ஆளுக்கொரு பிரப்பங்கூடை, ஒரு கத்தி, கழுத்தில் ஒரு விசில். நீளமாக ஒரு ஊதல் என்றால் பஸ்ஸுக்குத் திரும்பு என்று அர்த்தம். மூன்று ஊதல் என்றால் ஆபத்து. கேட்டவன் பதிலுக்கு ஒரு ஊதல் ஊதிவிட்டு உடனே போக வேண்டும். யரோமீர் இந்த விதியைக் கெடுத்து வைத்திருந்தான். கொஞ்சம் பெரிய காளான் ஒன்று கிடைத்தால் போதும், மூன்று ஊதல் ஊதுவான், நாலு பேர் மூச்சிரைக்க ஓடிவந்தால், "பாத்தீங்களா, என் மாமியார் தலை சைஸ்!" என்பான். அதனால் அவன் ஊதினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது. பின்னாளில் வெண்டெலின் தனக்குத்தானே இதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். பாதி தூரம்வரை அது உண்மையாகவும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை, முந்தின வாரம் அடித்த இடிமழையால் காடு நிறைந்து கிடந்தது. பத்து மணி வாக்கில் வெண்டெலின் தன் இடத்தில் மண்டியிட்டிருந்தான். பீச் மரமும் ஸ்ப்ரூஸ் மரமும் கலந்து நின்ற சரிவு. பாசியில் முப்பத்தொரு ஹ்ரிப். அப்பா காலத்தில்கூட அத்தனை வந்ததில்லை. ஏழாவதை வெட்டும்போது விசில் கேட்டது. மூன்று ஊதல். கீழே ஓடைப்பக்கம், ஓடினால் மூன்று நிமிஷ தூரம். யரோமீரின் விசில்தான், அதன் உள்ளே இருந்த உருண்டை தொலைந்துபோய் அது கரகரவென்றுதான் ஊதும். பதில் ஊதினால் தான் இருக்கும் திசை தெரிந்துவிடும் என்று வெண்டெலின் நினைத்தான். கத்தியைக் கீழே வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி மூன்று. இந்தத் தடவை மூன்றுக்கும் நடுவில் இடைவெளி சரியாக இல்லை. பெருமையடிக்க ஊதுகிறவன் அப்படி ஊத மாட்டான் என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தது என்பதுதான் விஷயம். கை மட்டும் தன்பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போனது. பதினெட்டு, பத்தொன்பது. பிறகு இரண்டு ஊதல் கேட்டது. மூன்றாவதற்காக அவன் காத்திருந்தான். வரவில்லை. முப்பத்தொன்றையும் வெட்டி, பெரணி இலையால் மூடி, வந்த தடம் தெரியாமல் பாசியைச் சரிசெய்துவிட்டு, ஓடைப்பக்கம் போகாமல் மேல்வழியாகச் சுற்றி பஸ்ஸுக்குப் போனான்.

நாலு மணிக்குத்தான் யரோமீரைக் கண்டுபிடித்தார்கள். ஓடைக்கரையில் மரத்தில் சாய்ந்து, விசிலை உதட்டில் வைத்தபடி இருந்தான். மாரடைப்பு. மாத்திரை சட்டைப்பையிலேயே இருந்தது, பொத்தான் போட்ட பையில். கை மரத்துப்போனதால் பொத்தானைத் திறக்க முடியவில்லை; யாராவது ஒருத்தர் பக்கத்தில் இருந்து திறந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். பஸ் பக்கத்தில் நின்று கமில் எல்லாரையும் ஒவ்வொருவராகக் கேட்டார், யாராவது விசில் கேட்டீர்களா என்று. இல்லை என்றார்கள். வெண்டெலினும் இல்லை என்றான். அது சங்கத்தின் நோட்டுப்புத்தகத்தில் ஏறியது.

அன்றைக்கு வெண்டெலினின் கூடையில்தான் எல்லாரையும்விட அதிகக் காளான். அதை யார் என்ன செய்வது என்று தெரியாமல், கமிலே ஹெட்விகா வீட்டுக்கு அனுப்பிவைத்தார். செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்து வந்தவர்களுக்கு அவள் அந்த முப்பத்தொன்றையும் போட்டுத்தான் சூப் வைத்தாள், புளித்த பாலாடையும் சதகுப்பைக் கீரையும் சேர்த்து. வயிறு சரியில்லை என்று வெண்டெலின் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். "உன் காளான்தாண்டா, நீ சாப்பிடாம யாரு சாப்பிடுறது?" என்று அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவள் அழுது முகம் வீங்கியிருந்தாலும் வந்தவர்களைக் கவனிப்பதில் குறை வைக்கவில்லை. அவன் நாற்காலிக்குக் கீழே, மரப்பலகைத் தரையில், இரண்டு பாதத்துக்கும் ஒன்றாக இரண்டு தொப்பிகள் தலை தூக்கியிருந்தன.

அன்றிலிருந்து அது நிற்கவில்லை. ஜூன் முதல் அக்டோபர் வரை, அவன் நடந்துபோன இடத்தில் பரமண்டல ஜெபம் ஒருமுறை சொல்லி முடிக்கும் நேரத்துக்குள் கோழிமுட்டை அளவுக்கு வந்துவிடும். மண், கருங்கல், லினோலியம் எல்லாம் ஒன்றுதான். சலூனில் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்துதானே முடி வெட்ட வேண்டும். சாயங்காலத்துக்குள் நாற்காலியைச் சுற்றி வட்டமாக ஒரு வேலி எழும்பிவிடும். கடைசி வாடிக்கையாளர் அதைத் தாண்டிக் கால் வைக்கச் சிரமப்படுவார். முடிவெட்டிக்கொள்ள வந்தவர்கள் ஒரு பை கொண்டுவரும் வழக்கம் வந்தது. வழுக்கைத்தலையர்கள்கூட வாரம் ஒருமுறை வந்தார்கள். வெண்டெலின் செருப்பை மாற்றிப் பார்த்தான், வெறுங்காலோடு நடந்து பார்த்தான். ஒரு கோடை முழுக்கத் தரையில் கால் படாமல் சைக்கிளிலேயே சுற்றினான், ஊர் மனவருத்தப்பட்டது. பேக்கரிக்கார அம்மாள் அவன் சைக்கிளை மறித்து, "ஏம்ப்பா, நாங்க உனக்கு என்ன பண்ணோம்? இறங்கி நடந்தா தேஞ்சா போயிருவ?" என்று கேட்டாள். நகரசபை தெருக்களுக்கு முறை வைத்தது: திங்கள் பள்ளிக்கூடத் தெரு, புதன் ஆலைத் தெரு, வெள்ளி கோவில் வாசல். சனிக்கிழமை மட்டும் யாரும் கேட்பதில்லை, அது ஹெட்விகாவுக்கு என்று விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமைதோறும் அவள் கூடையோடு அவன் பின்னால் இருபது அடி விட்டு வந்தாள். ஆலைக் கேன்டீனில் சமைப்பவள். குனிந்து நிமிர்வதில் வேகம். வெட்டிக்கொண்டே வாய் ஓயாமல் பேசுவாள். எல்லாம் யரோமீரைப் பற்றி. "அவன் மட்டும் இருந்திருந்தா உன்னத் தோள்ல தூக்கிட்டு ஊரச் சுத்தியிருப்பான். ஆனா தூக்கிட்டா உன் கால் தரைல படாதே, அது அந்த மடையனுக்குத் தெரிஞ்சிருக்காது." வெண்டெலின் முன்னால் நடந்துகொண்டே "ம்" என்பான். முடிந்ததும் அவள் வீட்டில் உட்காரவைத்து, வெங்காயமும் சீரகமும் போட்டு வதக்கி முட்டை ஊற்றிக் கிளறித் தட்டில் வைப்பாள். அவன் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டு, காளான் ஒத்துக்கொள்வதில்லை என்பான். காளான் ஒத்துக்கொள்ளாத காளான்காரன் என்று ஊர் சிரித்தது. இரண்டு பேருக்கும் சீக்கிரம் கல்யாணம் என்றும் பேசியது. அந்தப் பேச்சு காதில் விழுந்த அன்றைக்கு வெண்டெலின் ராத்திரி சாப்பிடவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று அவன் நினைக்காத நாளில்லை. முதலில் 1980இல் கமிலிடம் போனான். மருந்துக்கடையில் ஆள் இல்லாத நேரம்.

"தலைவரே, அன்னைக்கு நான் விசில் சத்தம் கேட்டேன்."

கமில் கடைக்கதவை உள்ளே தாழ் போட்டார். "எத்தன பேருகிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான்."

"நல்லது. இங்க பாருப்பா, யாருக்கும் கேக்கலன்னு நோட்டுல எழுதியாச்சு, முப்பத்துமூணு பேரு கையெழுத்து போட்டாச்சு. செப்டம்பர்ல மாவட்டக் கண்காட்சி. உன் காளான வெச்சுத்தான் நாம போறோம். இப்பப் போயி இதக் கிளறணுமா?"

செப்டம்பரில் முதல் பரிசு வந்தது. அதற்கடுத்த செப்டம்பரும். பரிசுக் கோப்பைகளைச் சங்க அறையில் அடுக்கி வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் வெண்டெலின் பெயர் இருந்தது. அந்த அறைக்குள் அவன் சுவரைப் பார்க்காமல் போய் வரப் பழகினான். மறுவருஷம் கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத் தட்டியின் முன்னால் மண்டியிட்டான். ஃபாதர் வீத் முழுக்கக் கேட்டார். "கடவுள்கிட்ட மன்னிப்பு கேட்டது சரி. ஆனா இது அந்தம்மாவுக்குச் சேர வேண்டிய விஷயம். அவங்ககிட்ட சொல்லு. நான் எத்தன ஜெபம் கொடுத்தாலும் அதுக்கு ஈடாகாது," என்றார். அந்த ஊரில் அவனிடம் நேராகப் பேசியவர் அவர் ஒருவர்தான். பேசி முடித்து எழுந்தபோது அவன் நின்ற இடத்தில் இரண்டு முளைத்திருந்தன. அவரும் மனுஷர்தானே, குனிந்து எடுத்து அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் போயிற்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்றைக்குச் சொல்லலாம் என்று புறப்படுவான். இருபது அடி பின்னால் அவள் பாட்டு முணுமுணுப்பது கேட்கும். அடுத்த சனி என்று விட்டுவிடுவான். நடுவில் அரசாங்கம் மாறியது. ஆலை கைமாறியது. தெருக்களுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள், முறைப் பட்டியலைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. 1990 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அவள் சமையலறையில், தட்டு அவன் முன்னால் ஆவி பறந்துகொண்டிருக்கும்போது, அவள் சொன்னாள்: "பதினோரு வருஷமாச்சு. நல்லவேளை, நீ இருந்த. இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேனோ."

அதைக் கேட்ட பிறகு அவனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஹெட்விகா, நான் கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"அவன் ஊதினத. நான் மேல சரிவுல இருந்தேன். கூப்புடு தூரம். கேட்டும் போகல."

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "வழக்கம்போல சும்மா ஊதுறான்னு நெனச்சிருப்ப."

"முதல் தடவை அப்படித்தான். ரெண்டாவது தடவை தெரிஞ்சுது."

"எத்தன தடவ ஊதினான்?"

"மூணு. அப்புறம் மூணு. அப்புறம் ரெண்டு."

"ரெண்டா?"

"ரெண்டு."

வெளியே கோழி ஒன்று கத்தியது. அவள் அடுப்பை அணைத்தாள். "நீ என்ன பண்ணிட்டு இருந்த?"

"காளான் வெட்டிட்டு இருந்தேன். முப்பத்தொண்ணு."

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, பக்கத்து வீட்டுக்காரியிடம் சந்தேகம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்: "அதுலதான நான் சூப் வெச்சேன்? நான் ரெண்டு கிண்ணம் குடிச்சேனே."

அவன் தலையை மட்டும் அசைத்தான். அவள் அன்றைய கூடையைத் தூக்கி வாசலுக்குப் போய், கோழிகளுக்கு முன்னால் கவிழ்த்தாள். "எந்திரி. போ," என்றாள். அவன் போனான். கதவு வரைக்கும் தரையில் வரிசையாக முளைத்தவற்றை அவள் துடைப்பத்தால் வாரி வெளியே தள்ளியதைத் தெருவே பார்த்தது.

சொன்ன பிறகு நின்றுவிடும் என்று வெண்டெலின் நம்பியிருந்தான். மறுநாள் காலையில் படுக்கையை விட்டு இறங்கிக் குழாயடி வரை போய்த் திரும்பிப் பார்த்தான். ஏழு. எப்போதையும்விடக் கொழுத்தவை. அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லார் முன்னிலையிலும் சொன்னான். கமில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார். யாரோ பின்னாலிருந்து, "விடுய்யா, செத்தவன் செத்தான், இருக்கறவங்க திங்க வேண்டாமா?" என்றார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத் தெருவில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்று, போன வாரம் போலவே அவனுக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். காறித் துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருத்தி அவன் தங்கச்சி வயது இருப்பாள், குழந்தையைத் தூக்கிக் காட்டி, "மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்றாள். அவன் அந்தத் தெருவை முடித்துவிட்டு, சலூனைத் திறக்காமல், பின்கட்டில் நாற்காலியின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான்.

ஹெட்விகா மட்டும் வாங்கவில்லை. அவன் வந்தால் எதிர்ப்பக்கம் மாறிக்கொண்டாள். காட்டுக்கும் போகவில்லை. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பார்லியும் பூண்டும் காய்ந்த காளானும் சேர்த்து வேகவைத்து அடுப்பில் சுடுவார்கள். அவள் மூன்று வருஷம் பார்லியும் பூண்டும் மட்டும் போட்டுச் சுட்டாள். அவள் வீட்டு ஜன்னலில் காளான் கோத்த நூல் தொங்கவில்லை என்பதை வெண்டெலின் ஒவ்வொரு டிசம்பரும் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போனான். பனியில் அவன் காலடிகள் எல்லாரையும் போலச் சும்மா இருந்தன.

1993 ஜூலையில், ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் கதவு தட்டப்பட்டது. ஹெட்விகா கூடையோடு நின்றாள். ஐம்பது வயதைத் தாண்டியிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அவள் மனதில் என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, அதனால் இங்கே எழுத முடியாது. அவள் பேசியது இவ்வளவுதான்: "முன்னால நட. திரும்பிப் பாக்காத. ஒரு வார்த்த பேசாத. நான் உன்ன மன்னிக்கல, மன்னிச்சுட்டேன்னு நீயா நெனச்சுக்காத. ஓநாய்ப் பள்ளத்துக்குப் போ. அவன் உக்காந்திருந்த எடத்துலேர்ந்து உன் எடத்துக்குப் போ."

அவன் நடந்தான். ஓடைக்கரை மரத்திலிருந்து மேலே சரிவுக்கு. ஓடினால் மூன்று நிமிஷம், நடந்தால் ஏழு. அப்பா நர்ஸை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்ன இடத்துக்கு அவனே அவளைக் கூட்டிப்போனான். அங்கே நின்றான். பின்னால் கத்தி சரக் சரக்கென்று வெட்டும் சத்தம் நெருங்கி வந்தது, நின்றது. வெகுநேரம் கழித்து, "திரும்பிக் கீழ போ," என்றாள். அந்த வழியை அவர்கள் அன்றைக்கு மூன்று தடவை ஏறி இறங்கினார்கள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்ததும். அதன் பிறகு பதினேழு கோடை, மழை நாள்கள் உட்பட, அவர்கள் அந்த வழியே நடந்தார்கள். அவன் முன்னால், அவள் இருபது அடி பின்னால். "இடது", "வலது", "போதும்" என்ற மூன்று சொல்லைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லவில்லை. அவன் அதுவும் சொல்லவில்லை. எட்டாவது வருஷம் கமில் இறந்தார். அவருக்குப் பின் வந்த தலைவர், நோட்டுப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து எழுதினார்: விசில் கேட்டதாக வெண்டெலின் பிற்பாடு தெரிவித்தார். சலூனை விற்றாயிற்று. காட்டில் அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. வெளியூரிலிருந்து வருபவர்கள் அது எங்கே போகிறது என்று கேட்டால், ஹெட்விகா காளான் எடுக்கிற வழி என்று சொல்லி அனுப்புகிறார்கள். அதில் வேறு யாரும் எடுப்பதில்லை.

2010 ஆகஸ்டில், வெண்டெலினுக்கு எழுபத்திரண்டு, அவளுக்கு அறுபத்தொன்பது. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. சரிவில் பாதி ஏறியிருந்தார்கள். கத்திச் சத்தம் பின்தங்கிப் பின்தங்கி வந்ததை அவன் கவனித்தான், ஆனால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் தன் வேகத்திலேயே போனான்.

"மெதுவா நட, வெண்டெலின்," என்றாள் அவள். "முழங்கால் வலிக்குது."

அவன் மெதுவாக நடந்தான். அடி குறுகியதால் அன்றைக்குக் காளான்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முளைத்தன. மேலே போய்ச் சேரும் முன்பே கூடை நிறைந்துவிட்டது.